கண்களால் கேட்போர்



ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அமெரிக்க நாட்டில் ஒரு நகரம். சனிக்கிழமைக் காலை. யூத மக்களின் செபக்கூடத்தில் உற்றாரும் உறவினரும் நிறைந்திருக்கின்றனர். பதின்மூன்று வயது நிரம்பிய சிறுவன் ஒருவன் இன்று முதன்முறையாகத் திருச்சட்டச் சுருளிலிருந்து வாசிக்கப் போகிறான். "பார் மிட்ஸ்வா" என்று பெயர் பெற்ற இந்த நாள் யூதக் குடும்பங்களுக்குப் பெரிய நாள். இனி அவன் சமயக் கடமைகளுக்குத் தானே பொறுப்பாளன்.

மூன்றாம் வரிசையில் அவனுடைய பாட்டி அமர்ந்திருக்கிறார். பிறவியிலிருந்தே அவருக்குக் காது கேட்காது. பக்கத்தில் பதினொரு வயதுப் பேத்தி. எல்லாரும் எழும்போது பாட்டியும் எழுகிறார், உட்காரும்போது உட்காருகிறார். பேரனின் உதடுகள் அசைவது தெரிகிறது. அவன் என்ன சொல்கிறான் என்பது தெரியவில்லை. திடீரென்று கூட்டம் முழுவதும் சிரிக்கிறது. பாட்டியும் சற்றுப் பிந்திச் சிரிக்கிறார். பின்பு பேத்தியின் கையைத் தொட்டு, "என்ன சொன்னான்?" என்று சைகையால் கேட்கிறார். பேத்திக்கு அண்ணனின் பேச்சை விட்டுக் கண்ணை எடுக்க மனமில்லை. "அப்புறம் சொல்கிறேன், பாட்டி" என்கிறாள்.

இந்தப் பாட்டியும் பேத்தியும் நாம் கற்பனை செய்துகொண்டவர்கள். ஆனால், "அப்புறம் சொல்கிறேன்" என்ற சொல் கற்பனையன்று. காது கேளாதவர்கள் தம் வாழ்நாளில் மிகுதியாகக் கேட்டுச் சலித்த சொல் அதுவே என்று அவர்களே சொல்லுவார்கள். அந்த "அப்புறம்" பெரும்பாலும் வருவதே இல்லை. வந்தாலும் பத்து நிமிடப் பேச்சு இரண்டு சொல்லாய்ச் சுருங்கி வரும்.

பாட்டி அன்று அந்தக் கூடத்தில் இருந்தார். அவர் அந்த விழாவில் பங்குகொண்டாரா? இந்தக் கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

பழைய விதி

யூதரின் வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்த நூல் மிஷ்னா. ஏறத்தாழ கி.பி. 200-ஆம் ஆண்டில் யூதா என்னும் தலைவர் அதனைத் தொகுத்து முடித்தார். அந்நூலில் மூவகையார் அடிக்கடி ஒன்றாகப் பேசப்படுகின்றனர்: காது கேளாதவர், புத்தி பேதலித்தவர், சிறு பிள்ளை. இம்மூவரும் சட்டக் கடமைகளுக்குப் பொறுப்பாளர் ஆகார் என்பது விதி. அங்கே காது கேளாதவர் என்பதன் பொருளையும் மிஷ்னாவே விளக்குகிறது: கேட்கவும் இயலாமல் பேசவும் இயலாமல் இருப்பவரே அவர்.

இதை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? அக்காலத்தில் கல்வி முழுவதும் வாய்வழி வந்தது. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டுக் கற்றனர். எனவே கேட்க முடியாதவர் கற்க முடியாதவர் என்றும், கற்க முடியாதவர் அறிவு நிரம்பாதவர் என்றும் எண்ணிவிட்டனர். கடமை செய்யத் தவறினால் குற்றமில்லை என்ற வகையில் இவ்விதி ஒரு சலுகைதான். ஆனால் கடமை இல்லாதவருக்கு உரிமையும் இல்லாமற் போயிற்று. பொது வழிபாட்டுக்குத் தேவையான தொகையில் அவர் எண்ணப்படவில்லை. மற்றவருக்காக முன்னின்று ஓதவும் அவருக்கு இடமில்லை.

ஆயினும் அதே மரபில் வேறு குரல்களும் உண்டு. காது கேளாதவரைச் சபிக்கலாகாது, பார்வையற்றவர் வழியில் தடைக்கல் வைக்கலாகாது என்று லேவியர் ஆகமம் கட்டளையிடுகிறது. இந்த ஆகமம் நமக்கும் பொதுவானது. காது கேளாதவர் சைகையால் திருமணம் செய்யலாம், சைகையால் கொடுக்கல் வாங்கல் நடத்தலாம் என்று மிஷ்னா ஒப்புக்கொள்கிறது. சைகையும் ஒரு பேச்சு என்ற விதை அன்றே விழுந்துவிட்டது என்று சொல்லலாம்.

தல்மூது என்னும் பெருநூலில் ஒரு கதை இருக்கிறது. யூதா தலைவரின் ஊரில் வாய் பேசாத இருவர் இருந்தனர். தலைவர் பாடம் நடத்தும் இடத்திற்கு நாள்தோறும் வந்து அமர்வார்கள், தலையை அசைப்பார்கள், உதடுகளையும் அசைப்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். தலைவர் அவர்களுக்காக மன்றாடினார். அவர்கள் பேசும் வரம் பெற்றனர். அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் சட்ட நூல்கள் அனைத்தையும் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்திருந்தார்கள் என்று!

இக்கதையில் அற்புதம் எது? பேச்சு வந்தது ஓர் அற்புதம். அதைவிட நம்மைச் சுடுவது மற்றொன்று. அறிவு அவர்களிடம் முன்பே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம் அதை அறியவில்லை.

விதி மாறிய வரலாறு

காது கேளாதவரும் கற்க முடியும் என்பதை உலகத்திற்குக் காட்டியவர்களில் இருவரை இங்கே நினைக்க வேண்டும். இருவரும் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பணியாற்றியவர்கள். ஒருவர் யாக்கோப் ரொட்ரீகஸ் பெரெய்ரா என்னும் யூதர். காது கேளாத சிறுவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்து, 1749-இல் தம் மாணவர் ஒருவரைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் நிறுத்தினார். மற்றவர் சார்ல் மிஷேல் தெ லெப்பே என்னும் கத்தோலிக்கக் குரு. இவர் 1760-ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடமளித்த பள்ளியைத் தொடங்கி, சைகைகளையே கல்விக்குக் கருவியாக்கினார். ஒருவர் நாவை நம்பினார். மற்றவர் கையை நம்பினார். பிள்ளைகளுக்கு அறிவு உண்டு என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

இத்தகைய பள்ளிகள் பெருகிய பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் யூத ரபீமார் ஒரு புதுக் கேள்வியை எதிர்கொண்டனர். எழுதப் படிக்கக் கற்று, தொழில் செய்து, குடும்பம் நடத்தும் காது கேளாதவருக்குப் பழைய விதி பொருந்துமா? பொருந்தாது என்றனர் சிலர். முன்னோர் விதித்ததை மாற்றலாகாது என்றனர் சிலர்.

இதற்கிடையில் ஒரு பின்னடைவு வந்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே கூடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்களே. அதன்பின் பல நாடுகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் கையசைத்ததற்காகக் கண்டிக்கப்பட்டனர். 130 ஆண்டுகள் கழித்து, 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் பேரவை இத்தீர்மானங்களுக்காக வருத்தம் தெரிவித்தது.

1960-இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கச் சைகைமொழி வெறும் கையசைவன்று. தனக்கென்று இலக்கணம் கொண்ட முழுமையான மொழி என்று அதில் நிறுவினார். சைகைமொழி உலகம் முழுவதும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. அமெரிக்கச் சைகைமொழி வேறு, பிரிட்டிஷ் சைகைமொழி வேறு, இஸ்ரேல் சைகைமொழி வேறு.

காது கேளாத யூதர்களும் வாளாவிருக்கவில்லை. 1956-இல் அமெரிக்காவில் தமக்கென ஒரு தேசியப் பேரவையை அமைத்தனர். 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தாமே தொடங்கிய செபக்கூடத்தில் கைகளால் வழிபாடு நடத்தினர். 1986-இல் அடீல் குரோனிக் ஷூவார்ட் என்னும் அம்மையார் யூத சமயச் சொற்களுக்குரிய சைகைகளைத் தொகுத்து நூலாக்கினார். 1993-இல் ரெபெக்கா டூபோவி என்னும் காது கேளாத பெண்மணி ரபீயாகப் பட்டம் பெற்றார். பழைய விதியில் "பொறுப்பற்றவர்" என்று எண்ணப்பட்டவர் இன்று சமூகத்தின் ஆசான்!

2011-ஆம் ஆண்டில் அமெரிக்க யூதரின் பிரிவுகளுள் ஒன்றான கன்சர்வேட்டிவ் இயக்கத்தின் சட்டக் குழு ஒரு தீர்ப்பை ஏற்றது. அதை எழுதியவர் ரபீ பமேலா பார்மாஷ். காது கேளாதவரை அறிவு நிரம்பாதவராக எண்ணுவது இனிக் கூடாது. அவர் கடமைகள் யாவற்றுக்கும் பொறுப்பாளர். பொது வழிபாட்டுத் தொகையில் எண்ணப்பட வேண்டியவர். திருச்சட்ட வாசிப்புக்கு அழைக்கப்பட்டால் ஆசிமொழிகளைச் சைகைமொழியில் சொல்லலாம். சைகைமொழியே பொதுமொழியாய் உள்ள சபையில் அவரே வழிபாட்டை முன்னின்று நடத்தலாம். இவை அத்தீர்ப்பின் சாரம்.

மொழிபெயர்ப்பாளர் செய்வது என்ன?

உரிமையைத் தாளில் எழுதிவிட்டால் பாட்டிக்குப் பேரனின் பேச்சு விளங்கிவிடுமா? விளங்காது. அதற்கு ஒருவர் எழுந்து நின்று கைகளை அசைக்க வேண்டும். அவரே சைகை மொழிபெயர்ப்பாளர். அமெரிக்காவில் இது பயிற்சியும் தேர்வும் வேண்டிய ஒரு தொழில். இத்தொழிலாளருக்கான தேசியப் பதிவகம் 1964-இல் தோன்றியது.

நல்ல மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் கையசைப்பதில்லை. பேசுவோரின் கருத்தை வாங்கி, காது கேளாதோரின் மொழியில் அதை மீண்டும் பேசுகிறார். முகபாவமும் புருவமும் தோளும் அந்த மொழியின் இலக்கணத்தில் சேர்ந்தவை. இவ்வேலை மூளைக்கும் கைக்கும் மிகுந்த களைப்பைத் தரும். ஆகவே நீண்ட நிகழ்ச்சிகளுக்கு இருவர் வந்து, ஏறத்தாழ இருபது நிமிடத்திற்கு ஒருமுறை மாறிக்கொள்வது வழக்கம்.

யூத வழிபாட்டில் இவருக்குப் பல சிக்கல்கள் காத்திருக்கின்றன. முதலாவது மொழி. மன்றாட்டுகள் எபிரேயத்தில் உள்ளன. சில அரமேயத்தில் உள்ளன. மறையுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆங்கிலமும் சைகைமொழியும் மட்டும் அறிந்தவர் இங்கே வந்தால் பாதி நேரம் கைகட்டி நிற்க நேரிடும். ஆகவே வழிபாட்டு முறை, வாசகப் பகுதி, மறையுரை, பெயர்கள் எல்லாவற்றையும் சில நாள் முன்னரே அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது இடம். பல செபக்கூடங்களில் வழிபாட்டை நடத்துபவர் சுருள்கள் வைக்கப்பட்டுள்ள பேழையை நோக்கி, மக்களுக்கு முதுகு காட்டி நிற்பார். அப்போது உதடு பார்த்துப் புரிந்துகொள்பவருக்கும் ஒன்றும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் முன்புறம், ஓதுபவருக்கு அருகில் நிற்பது நல்லது. ஒரே பார்வையில் இருவரையும் காணலாம். ஆண்களும் பெண்களும் திரைக்கு இருபுறமும் தனித்தனியே அமரும் செபக்கூடங்களில் ஆண்கள் பக்கம் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் பெண்களுக்குத் தெரியமாட்டார். அங்கே பாட்டி எங்கே உட்காருவார் என்பதை முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கண். நாம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே காதால் கேட்கிறோம். காது கேளாதவருக்கு இரண்டு வேலைக்கும் கண் ஒன்றே. புத்தகத்தைப் பார்த்தால் கையைக் காண முடியாது. கையைப் பார்த்தால் பக்கத்தை இழந்துவிடுவார். அதனால் பக்க எண்ணைச் சொன்னபின் சற்று நிறுத்த வேண்டும்.

"ஷெமா" என்பது யூதரின் தலையாய மன்றாட்டு. அச்சொல்லின் பொருள் "கேள்" என்பதாகும். கண்களை மூடிக்கொண்டு அதைச் சொல்வது வழக்கம். காதால் கேட்க முடியாதவரிடம், கண்ணையும் மூடிக்கொண்டு, கேள் என்று சொன்னால் அவர் என் செய்வார்? இங்கேதான் மொழிபெயர்ப்பின் நுட்பம் விளங்குகிறது. எபிரேயத்தில் அச்சொல்லுக்குச் செவிகொடு, உணர், ஏற்று நட என்னும் பொருள்களும் உண்டு. நம் தமிழிலும் "அம்மா சொல்வதைக் கேள்" என்றால் காதை மட்டுமா குறிக்கிறோம்? ஆகவே சிலர் காதைச் சுட்டாமல், மனத்தை ஒருமுகப்படுத்து என்ற சைகையால் அதைச் சொல்கின்றனர். சொல்லை விட்டார்கள், பொருளை விடவில்லை.

ஓய்வுநாளின் தனிச் சிக்கல்

வெள்ளிக்கிழமைச் சூரியன் மறைந்தது முதல் சனிக்கிழமை இருட்டும்வரை யூதருக்கு ஓய்வுநாள். அன்று செய்யக்கூடாத வேலைகள் 39 வகை என்று மரபு வகுத்துள்ளது. எழுதுவது அவற்றுள் ஒன்று. பழைமை மரபைக் காக்கும் யூதர்கள் அன்று மின்கருவிகளையும் இயக்குவதில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். மற்ற நாள்களில் காது கேளாதவரோடு காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசலாம், ஓய்வுநாளில் முடியாது. பேச்சு உடனுக்குடன் எழுத்தாகி ஓடும் திரைகள் இன்று உள்ளன. அவற்றையும் அங்கே அன்று பயன்படுத்த இயலாது. எஞ்சியிருப்பது மனிதக் கை ஒன்றே! எத்தனை புதுக் கருவி வந்தாலும் அந்தச் செபக்கூடத்தில் மொழிபெயர்ப்பாளரின் இடத்தை அவை பிடிக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளரும் அதே மரபைக் காப்பவராயின், அவர் ஊர்தியில் வர இயலாது. நடந்து வரும் தொலைவில் தங்க இடம் கொடுக்க வேண்டும். ஓய்வுநாள் வேலைக்கென்று தனியே கூலி வாங்குவதும் அவருக்கு உகந்ததன்று. வாரநாளில் செய்யும் ஆயத்த வேலையையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிக்கொள்வது இதற்கு மரபு அறிந்த வழி. பாருங்கள், ஒருவரை அழைத்துவிட்டால் போதாது. அவர் நிலையையும் அறிந்து அழைக்க வேண்டும்.

திருநாள்களில்

யூதப் புத்தாண்டில் "ஷோஃபார்" என்னும் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். அதைக் கேட்பதே அந்நாளின் கடமை. ஒரு நீண்ட ஒலி, மூன்று துண்டான ஒலி, ஒன்பது குறு ஒலி என அதற்கு முறை உண்டு. மொழிபெயர்ப்பாளர் இந்த நீளத்தையும் துண்டுகளையும் கைகளாலேயே காட்டலாம். அருகில் நிற்போர் அதிர்வை உடலால் உணரவும் கூடும்.

பூரிம் திருநாளில் எஸ்தர் ஆகமத்தை வாசிக்கும்போது, கொடியவன் ஆமானின் பெயர் வரும் இடமெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பை ஆட்டியும் காலால் தரையைத் தட்டியும் ஆரவாரம் செய்வார்கள். மொழிபெயர்ப்பாளர் உரிய நொடியில் அப்பெயரைக் காட்டினால் காது கேளாத பிள்ளையும் மற்றவரோடு சேர்ந்தே தரையை உதைக்கும். ஒரு நொடி பிந்தினால் அந்தக் குறும்பின் சுவையே போய்விடும்.

பாஸ்கா விருந்தில் வீட்டிலுள்ள கடைக்குட்டி நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற வரலாறு அக்கேள்விகளுக்கு விடையாக வரும். அந்தக் கடைக்குட்டி காது கேளாத குழந்தையானால், கைகளால் கேட்கட்டும். ஆனால் விடையும் அதற்குக் கைகளால் கிடைக்க வேண்டும் அன்றோ? உண்ணும் நேரம் வேறு, சொல்லும் நேரம் வேறு என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு முகமும் தெரியும்படி அமர்ந்தால் விருந்து எல்லாருக்கும் விருந்தாகும்.

ஓய்வுநாள் முடியும் இரவுச் சடங்கில் திராட்சை இரசத்தைச் சுவைப்பார்கள். நறுமணப் பொருளை முகர்வார்கள். பின்னல் மெழுகுதிரியின் ஒளியில் விரல்களை விரித்துப் பார்ப்பார்கள். நாவுக்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் இவ்வளவு இடம் தரும் சடங்கு இது! ஆனால் அழகுக்காக விளக்குகளை அணைத்துவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் கைகள் இருளில் மறைந்துவிடும். ஒரு சிறு விளக்கு அவர் மேல் படும்படி இருக்கட்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். திருச்சட்டச் சுருளை விரலால் தொடாமல் ஒரு சிறு கோலால் வரியைச் சுட்டிப் படிப்பார்கள். அதன் நுனி சுட்டுவிரல் நீட்டிய கை வடிவில் இருக்கும். அதற்குப் பெயர் "யாத்", பொருள் கை. திருமொழியை நெடுங்காலமாகக் கை காட்டி வருகிறது. இப்போது கையே பேசவும் செய்கிறது.

மகளே மொழிபெயர்க்கலாமா?

"வெளியாள் எதற்கு? அவர் பேத்திக்குத்தான் சைகை தெரியுமே!" என்று சிலர் சொல்லுவார்கள். மாணவியரே, இதைச் சற்று நின்று எண்ணுங்கள். ஏனெனில் அந்தப் பேத்தி உங்கள் வயதினள்.

காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள் சிறுவயதிலேயே வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே நிற்கிறார்கள். தாய்க்கு உதவுவது அவர்களுக்குப் பெருமைதான். ஆனால் தந்தையின் அடக்கச் சடங்கில் மகள் அழ வேண்டியவளா, மொழிபெயர்க்க வேண்டியவளா? அக்காளின் திருமண விதானத்தின் கீழ் ஏழு ஆசிமொழிகள் சொல்லப்படும்போது அவள் அக்காளைப் பார்ப்பாளா, தாயைப் பார்ப்பாளா? அவளுக்குப் புரியாத சொல்லைத் தாய்க்கு எப்படிச் சொல்வாள்? தாய்க்கு வருத்தம் தரும் சொல்லை மறைத்துவிட மாட்டாளா? பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவும், அறிந்ததை வெளியே சொல்லாமல் இருக்கவும் கடமைப்பட்டவர். பதினொரு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பாரத்தை ஏற்றுவது நீதியன்று.

செலவு யார் பொறுப்பு?

1990-இல் அமெரிக்காவில் உடற்குறையுற்றோர் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவமனை, கடை, அரங்கம் முதலிய பொது இடங்கள் காது கேளாதோர்க்கு உரிய வசதி செய்ய வேண்டும் என்பது அச்சட்டம். ஆனால் பொது இடங்களைப் பற்றிய அப்பகுதியிலிருந்து சமய நிறுவனங்களுக்கும் வழிபாட்டு இடங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே செபக்கூடம் மொழிபெயர்ப்பாளரை வைக்காவிட்டால் இச்சட்டம் அதனைக் கேட்காது. கேட்க வேண்டியது மனச்சாட்சி.

"எங்கள் சபையில் ஒருவர்தானே காது கேளாதவர்? ஒருவருக்காக இவ்வளவு செலவா?" என்ற கேள்வி சபைக் கூட்டங்களில் எழுவது இயல்பு. பணம் குறைந்த சிறு சபைகளுக்கு அது பொய்யான கவலையும் அன்று. மொழிபெயர்ப்பாளர் இருவருக்கு ஊதியம் தருவது எளிதன்று. எனினும் இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். வந்தால் விளங்காது என்று அறிந்தவர் வரமாட்டார். அவர் வராததால் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சபை முடிவு செய்யும். இந்தச் சுழலை உடைக்க வேண்டியவர் வாசலுக்கு உள்ளே இருப்பவரே. "மொழிபெயர்ப்பு உண்டு" என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டு, தேவைப்படுவோர் எத்தனை நாள் முன்பு தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டால் வீண்செலவும் இராது. பக்கத்துச் சபைகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது, யூத மரபே இதற்கு விடை வைத்திருக்கிறது. அவர்களது பொது வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் எவ்வளவு பெரிய அறிஞராயினும் போதாது. பத்தாமவர் எவ்வளவு எளியவராயினும் அவர் வந்தால்தான் வழிபாடு முழுமை பெறும். ஒருவரின் மதிப்பை இவ்வளவு தெளிவாக அறிந்த சமூகம், "ஒருவர்தானே" என்று சொல்லலாமா?

மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதுமா?

போதாது. வழிபாடு முடிந்ததும் எல்லாரும் திராட்சை இரசமும் பலகாரமும் எடுத்துக்கொண்டு கூடிப் பேசும் நேரம் ஒன்று உண்டு. உறவு வளர்வது அங்கேதான். மொழிபெயர்ப்பாளர் அப்போது புறப்பட்டுவிட்டால், காது கேளாதவர் கையில் தட்டோடு சுவரோரம் நிற்பார். ஆகவே அந்த நேரத்தையும் சேர்த்தே அவரை அமர்த்த வேண்டும். அதனினும் மேலானது, பக்கத்தில் இருப்பவர்கள் "ஓய்வுநாள் வாழ்த்து", "நலமா?", "வாருங்கள், எங்களோடு உட்காருங்கள்" என்ற அளவுக்கேனும் சைகை கற்றுக்கொள்வது.

பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, "அவரிடம் சொல்லுங்கள்" என்று கூறலாகாது. காது கேளாதவரின் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும். பேச்சு அவரோடுதான்.

இறுதியாக, காது கேளாதவர் என்றும் பார்வையாளராகவே இருந்துவிடக் கூடாது. இஸ்ரேல் நாட்டில் காது கேளாத யூதர்களிடையே பணியாற்றும் ரபீ யெஹோஷுவா சூடக்காஃப் தாமும் காது கேளாதவரே. அவர் கைகளால் போதிக்கும்போது சைகை அறியாதவருக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் தேவை! மொழிபெயர்ப்பு இருபக்கமும் திறக்கும் கதவு என்பது அப்போது நன்கு விளங்கும்.

நாம் தொடங்கிய செபக்கூடத்திற்கே திரும்புவோம். இம்முறை பேழைக்கு அருகே கறுப்பு உடையில் ஒருவர் நிற்கிறார். கை நன்றாகத் தெரிவதற்காக அவர் நிறம் பார்த்து உடுத்தியிருக்கிறார். பேரன் பேசுகிறான். தனக்கு எபிரேய எழுத்துகள் வராமல் திணறியதையும், பாட்டி ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் பெரிதாக வரைந்து கொடுத்ததையும் சொல்கிறான். கூட்டம் சிரிக்கிறது. பாட்டியும் அதே நொடியில் சிரிக்கிறார். பேத்தி யாருக்கும் எதையும் "அப்புறம்" சொல்ல வேண்டியதில்லை. அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாணவியரே, அடுத்தமுறை நீங்கள் ஒரு விழாவில் அமரும்போது, எல்லாரும் சிரித்தபின் சிரிப்பவர் யாரேனும் உண்டா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இருந்தால், "அப்புறம்" என்று சொல்லாதீர்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. கடமையிலிருந்து விலக்கு அளிப்பது எப்போது சலுகை ஆகிறது? எப்போது புறக்கணிப்பு ஆகிறது?

2. ஓய்வுநாளில் எழுத்தும் மின்திரையும் உதவாதபோது, மொழிபெயர்ப்பாளர் ஏன் இன்றியமையாதவர் ஆகிறார்?

3. குடும்பப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதால் தாய்க்கு நேரும் இழப்பு யாது? பிள்ளைக்கு நேரும் இழப்பு யாது?

4. "ஒருவர்தானே" என்று சொல்லும் சபைக்கு, நீ உறுப்பினராக இருந்தால் என்ன பதில் சொல்வாய்?